அம்புக்குறி இல்லாத வரைபடம்: நிதானமான ஆர்பிஜி கேம்களுக்கு ஓர் அறிமுகம்

2002இல் வெளிவந்த 'மோரோவிண்ட்' என்ற கேமில் ஒரு குகையைத் தேடி ஒரு மாலைப்பொழுது முழுவதையும் தொலைத்திருக்கிறேன். வழி சொன்ன பாத்திரத்தின் மேல் குற்றமில்லை. பாலத்தைத் தாண்டு, சாலை பிரியும் இடத்தில் கிழக்கே திரும்பு, மலைச்சரிவில் ஒரு கதவு தெரியும் என்று தெளிவாகத்தான் சொன்னது. சாலை பிரிந்ததை நான்தான் கவனிக்கவில்லை. இருட்டும்வரை நடந்து, வேறோர் ஊருக்குப் போய்ச் சேர்ந்து, அங்கே யாருக்கோ ஏதோ உதவி செய்துகொண்டிருந்ததில் குகையே மறந்துபோயிற்று. அந்த கேமை நினைத்தால் இன்றும் முதலில் நினைவுக்கு வருவது அந்த மாலைதான். கடைசிச் சண்டை எப்படி முடிந்தது என்பதைக் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்ல வேண்டும்.

வீடியோ கேம் ஆடுகிறவர்களோடு சற்று நேரம் பேசிக்கொண்டிருந்தால் இப்படி ஓர் ஏக்கம் எங்காவது தலைகாட்டும். "நிதானமாக, ஆழமாக, நல்ல கதையோடு ஓர் ஆர்பிஜி வேண்டும், இப்போது அப்படி அதிகம் வருவதில்லை" என்பார்கள். ஆர்பிஜி என்றால் 'ரோல் பிளேயிங் கேம்', அதாவது ஒரு பாத்திரத்தின் வேடம் ஏற்று ஆடும் விளையாட்டு. இந்த உலகத்துக்குப் புதியவர்களுக்கு இந்த ஏக்கம் விளங்காது. விளையாட்டு என்றால் விறுவிறுப்பாக இருக்க வேண்டாமா? கதைதான் வேண்டுமென்றால் நாவல் படிக்கலாமே? நியாயமான கேள்விகள். பதில் சொல்ல வேண்டுமானால் ஆர்பிஜி எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும்.

1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இருவர் உருவாக்கிய 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' வெளிவந்தது. திரை கிடையாது, கணினி கிடையாது. சில நண்பர்கள் ஒரு மேசையைச் சுற்றி உட்காருவார்கள். ஒருவர் வாள்வீரர், ஒருவர் மந்திரவாதி, ஒருவர் திருடர் என்று ஆளுக்கொரு வேடம். அந்தப் பாத்திரத்தின் வலிமை, அறிவு, சாமர்த்தியம் எல்லாம் ஒரு தாளில் எண்களாக எழுதப்பட்டிருக்கும். இன்னொருவர் மட்டும் தனக்கென்று ஒரு வேடம் வைத்துக்கொள்ளாமல் மற்ற எல்லாமாகவும் இருப்பார்: ஊர், காடு, எதிரி, கடைக்காரர், மழை. அவரை டன்ஜன் மாஸ்டர் என்பார்கள். நடுவர் என்று வைத்துக்கொள்வோம்.

"எதிரே ஒரு பூட்டிய கதவு" என்கிறார் நடுவர். "உடைக்கிறேன்" என்கிறார் வாள்வீரர். பகடை உருள்கிறது, எண் போதவில்லை, தோள் வலித்ததுதான் மிச்சம். இதுவரை எல்லாம் கணக்கு. இப்போது திருடர் சொல்கிறார்: "நான் கதவைத் தட்டி, வரி வசூலிக்க வந்திருக்கிறேன் என்று சொல்லப்போகிறேன்." எந்த விதிப்புத்தகமும் இப்படி ஒன்றை எதிர்பார்த்து எழுதப்பட்டிருக்காது. நடுவர் சிரித்துவிட்டு ஒரு கணம் யோசிக்கிறார். உள்ளே இருப்பவன் பயப்படுவானா, சந்தேகப்படுவானா, பின்பக்கமாக ஓடிப்போவானா என்பதை அவர் அங்கேயே முடிவுசெய்தாக வேண்டும்.

ஆக, இந்த விளையாட்டுக்கு இரண்டு பாதிகள். ஒன்று எண்கள். இன்னொன்று, எதிரே உட்கார்ந்து நம் பேச்சைக் கேட்டுப் பதில் சொல்லும் மனிதர்.

கணினிக்கு முதல் பாதி கைவந்த கலை. 1981லேயே 'அல்டிமா', 'விசார்ட்ரி' போன்ற கேம்கள் பகடையையும் புள்ளிகளையும் சலிக்காமல் பார்த்துக்கொண்டன. அந்தப் பாதி பிற்பாடு எங்கெங்கோ பரவிவிட்டது. கார் ஓட்டும் கேமிலும் இன்று அனுபவப் புள்ளி சேர்கிறது, லெவல் ஏறுகிறது. இரண்டாம் பாதியைக் கணினிக்குள் கொண்டுவருவதுதான் பெரும்பாடு. நிதானமான ஆர்பிஜி வேண்டும் என்று ஏங்குகிறவர்கள் உண்மையில் தேடுவது அந்த நடுவரைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

நடுவரைத் தேடி

இந்தத் தேடலில் எனக்கு மிகவும் பிடித்த எடுத்துக்காட்டு, ரிச்சர்ட் கேரியட் 1985இல் வெளியிட்ட 'அல்டிமா 4'. அதில் கொல்லப்பட வேண்டிய வில்லன் யாரும் இல்லை. நேர்மை, கருணை, பணிவு என எட்டு அறங்களில் தேர்ந்து 'அவதார்' ஆவதுதான் குறிக்கோள். (ஆமாம், நம் அவதாரம்தான்.) தொடக்கத்தில் குறிசொல்லும் பெண் ஒருத்தி அறச்சிக்கலான கேள்விகளைக் கேட்டு, நாம் சொல்லும் பதில்களை வைத்து நம் பாத்திரத்தை முடிவுசெய்கிறாள்.

அதைவிட நுட்பமான ஓர் இடம் உண்டு. மந்திரத்துக்கான மூலிகை விற்கும் பெண்ணுக்குக் கண் தெரியாது. விலையைச் சொல்வாள், காசை நாமே எண்ணிப் போட வேண்டும். குறைத்துப் போட்டால் அவளுக்குத் தெரியாது. தண்டனையும் வராது, எச்சரிக்கை ஒலியும் கேட்காது. காசு மிச்சம் என்று மகிழ்ந்துகொண்டு போகலாம். ஆனால் கேம் அதைக் குறித்துவைத்துக்கொள்கிறது. பல மணி நேரம் கழித்து நேர்மையில் நாம் ஏன் தேறவில்லை என்று மண்டையை உடைத்துக்கொள்ளும்போதுதான் அந்த மூலிகைக்காரி நினைவுக்கு வருவாள். இன்றைக்கு வைத்துப் பார்த்தால் மிக எளிய நிரல்தான். ஆனாலும் யாரோ நம்மைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்ற கூச்சத்தை அது உண்டாக்கிவிடுகிறது.

1997இல் வந்த 'ஃபால்அவுட்' இதை இன்னொரு பக்கம் கொண்டுபோயிற்று. அணுப்போருக்குப் பிந்தைய பாலைநிலம். நம் மக்கள் வாழும் நிலத்தடிக் காப்பிடத்தில் தண்ணீரைச் சுத்திகரிக்கும் சில்லு பழுதாகிவிடுகிறது. மாற்றுச் சில்லைக் கண்டுபிடிக்க 150 நாள் அவகாசம். இதில் பாத்திரத்தின் அறிவுப்புள்ளியை மிகக் குறைவாக வைத்து ஆடினால், அவர் வாயிலிருந்து முனகலும் அரைகுறைச் சொற்களுமே வரும். எதிரே இருப்பவர்களும் அதற்கேற்ப இரங்குவார்கள், எரிச்சல்படுவார்கள், சிலர் வேலையே தரமாட்டார்கள். சண்டைக் கணக்குக்கு மட்டும் பயன்பட்டுவந்த ஓர் எண், இங்கே மற்றவர்கள் நம்மை எப்படி நடத்துகிறார்கள் என்பதையே மாற்றிவிடுகிறது. கடைசியில் எதிர்கொள்ளும் தலைவனைச் சுட்டுத்தான் வீழ்த்த வேண்டும் என்பதும் இல்லை. அவன் உருவாக்கும் புதிய இனத்தால் இனப்பெருக்கம் செய்ய முடியாது என்பதற்கான சான்றைத் தேடி எடுத்துவந்து காட்டினால், தன் திட்டம் முழுவதும் வீண் என்று உணர்ந்து அவனே தன்னை அழித்துக்கொள்வான். அந்தச் சான்றைத் தேடாமல் அவசரமாகப் போனவர்களுக்கு அப்படி ஒரு வழி இருந்ததே தெரியாமல் போகலாம்.

அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து 'பிளேன்ஸ்கேப்: டார்மெண்ட்'. பிணவறை மேசையில் ஒருவன் கண் விழிக்கிறான். தன் பெயர் அவனுக்குத் தெரியாது. அவனால் சாக முடியாது. ஆனால் செத்து எழும்போது நினைவுகள் போய்விடும். அருகில் மிதந்துகொண்டிருக்கும் ஒரு மண்டையோடு, அவன் முதுகில் பச்சை குத்தப்பட்டிருக்கும் வாசகங்களைப் படித்துக் காட்டுகிறது. அவனே தனக்காக முன்பு எழுதிவைத்த குறிப்புகள் அவை. தன் முந்தைய பிறவிகள் யார் யாரை ஏமாற்றின, யார் யாரை அடிமைப்படுத்தின என்று அவன் கண்டுபிடித்துக்கொண்டே போவதுதான் கதை. பெரும்பாலும் வாசிப்பு, எழுதப்பட்ட சொற்கள் ஏறத்தாழ எட்டு லட்சம் என்பார்கள். அறிவையும் விவேகத்தையும் வளர்த்துக்கொண்டவருக்கு, வாளெடுக்க வேண்டிய பல இடங்கள் பேசித் தீரும் இடங்களாகிவிடுகின்றன. வெளியான காலத்தில் அது பெரிதாக விற்கவில்லை. அதன் சண்டைகள் சுமார்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதை உயிராக நேசிக்கிறவர்களும் அவற்றைப் பொறுத்துக்கொண்டுதான் கடந்துபோகிறார்கள்.

நிதானம் வேறு, நீளம் வேறு

இங்கே புதியவர்கள் வழுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. நூறு மணி நேரம் ஓடும் கேம் எல்லாம் நிதானமான கேம் ஆகிவிடாது. பரந்த வரைபடம், அதில் ஈ மொய்த்ததுபோல் குறியீடுகள், ஒவ்வொரு குறியீட்டுக்கும் போய் ஒரே மாதிரி வேலையைச் செய்துவிட்டு அடுத்ததற்கு ஓடுவது என்ற வகை கேம்கள் நீளமானவை. ஆனால் அவற்றை ஆடும்போது மனம் அவசரத்திலேயே இருக்கும். பட்டியலில் இருப்பதை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே போகும் அலுவலக வேலைக்கும் அதற்கும் எனக்குப் பெரிய வேறுபாடு தெரியவில்லை. மறுபுறம், சில மணி நேரத்தில் முடிந்துவிடும் ஒரு கேம் நம்மை ஒரு வாக்கியத்தின் முன் பத்து நிமிடம் உட்காரவைத்துவிடும்.

அந்த வேறுபாட்டுக்கு மோரோவிண்டையே பார்க்கலாம். அதில் போக வேண்டிய இடம் எது என்பதை மனிதர்கள் வாயால் சொல்வார்கள், நாட்குறிப்பில் பதிவாகும், மிச்சம் நம் பாடு. 2006இல் அதே நிறுவனம் அடுத்து வெளியிட்ட 'ஒப்லிவியன்' திரையின் கீழே ஒரு திசைகாட்டியை வைத்தது. போக வேண்டிய இடத்தை அதில் ஒரு குறி காட்டும். முன்பே பார்த்த இடங்களுக்கு வரைபடத்தைத் தொட்டாலே போய்விடலாம். வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் குறி வந்ததும் பேச்சைக் கேட்க வேண்டிய தேவை போய்விடுகிறது. ஊர்க்காரர் பாலத்தைப் பற்றியும் பாறையைப் பற்றியும் என்ன சொன்னால் என்ன, கண் குறியின் மேலேயே இருக்கும். கேட்பார் இல்லாதபோது எழுதுகிறவரும் சுருக்கிக்கொள்வார். பாலம், பாறை எல்லாம் உரையாடலிலிருந்து மறைந்துவிடும். அதன் பிறகு குறியை அணைத்துவிட்டு ஆடலாம் என்றாலும் முடியாது. வழி எங்கேயும் சொல்லப்பட்டிருக்காது.

இதில் குரலுக்கும் பங்கு உண்டு. மோரோவிண்டில் உரையாடலின் பெரும்பகுதி எழுத்தாகவே இருந்தது. ஒப்லிவியனில் எல்லா உரையாடலுக்கும் குரல் கொடுத்தார்கள். எழுத்தில் ஒரு பத்தி சேர்ப்பது எழுதுகிறவரின் அரை மணி நேரம். குரலில் அதே பத்திக்கு நடிகர், ஒலிப்பதிவு, அதற்கேற்ற முக அசைவு எல்லாம் வேண்டும். பின்னால் ஒரு சொல்லை மாற்றினாலும் மறுபடி பதிவுசெய்ய வேண்டும். பாத்திரங்கள் சுருக்கமாகப் பேசத் தொடங்கியதற்கு இரசனை மாற்றத்தை மட்டும் காரணமாகச் சொல்ல முடியாது.

மெதுவாக இருப்பதே நல்லது என்றும் நினைத்துவிட வேண்டாம். பழைய கேம்கள் பலவற்றில் நடையும் சண்டையும் வெறுமனே நேரத்தைத் தின்னும். மெதுவாக்குவதால் ஏதாவது கிடைக்க வேண்டும். 1403ஆம் ஆண்டின் போஹீமியாவில் நடக்கும் 'கிங்டம் கம்: டெலிவரன்ஸ்' (2018) கேமில் நாயகன் கொல்லர் மகன், எழுதப் படிக்கத் தெரியாதவன். புத்தகத்தைத் திறந்தால் எழுத்துகள் இடம்மாறிக் குழம்பிக் கிடக்கும். ஓர் எழுத்தரைத் தேடிப்பிடித்துக் கற்றுக்கொண்டால், கொஞ்சம் கொஞ்சமாகச் சொற்கள் தெளியும். ஒரு பொத்தானில் முடிந்திருக்க வேண்டிய வேலைதான். ஆனால் முதன்முதலாக ஒரு வரியை முழுதாகப் படித்தபோது எனக்கு உண்டான பெருமிதம், எந்த வாளைப் பெற்றபோதும் உண்டானதில்லை.

தோற்றாலும் நகரும் கதை

மேசை விளையாட்டில் பகடை தவறினால் நடுவர் ஆட்டத்தை நிறுத்துவதில்லை. கதவு உடையவில்லை, சத்தம் கேட்டுக் காவலர் வருகிறார் என்று கதையை வேறு பக்கம் திருப்புவார். பெரும்பாலான கேம்கள் இதைச் செய்வதில்லை. தோற்றால் ஆட்டத்தைக் கடைசியாகச் சேமித்துவைத்த இடத்துக்குத் திரும்பு, வெல்லும்வரை திரும்பத் திரும்பச் செய். தோல்வி நடக்கவே இல்லை என்பதுபோல் அழித்துவிடுவார்கள்.

'டிஸ்கோ எலிசியம்' (2019) இதைத் தலைகீழாக்கியது. எஸ்தோனிய எழுத்தாளர் ராபர்ட் குர்விட்ஸ் தலைமையில் உருவான கேம் அது. குடித்துக் குடித்துத் தன் பெயரையே மறந்துவிட்ட ஒரு துப்பறிவாளர், ஒரு விடுதி அறையில் விழிக்கிறார். வெளியே மரத்தில் ஒரு பிணம் பல நாள்களாகத் தொங்கிக்கொண்டிருக்கிறது. வழக்கமான சண்டை முறை இதில் கிடையவே கிடையாது. இரண்டு பகடைகளும் உரையாடலும் மட்டும்தான்.

அவருடைய 24 திறன்களும் தலைக்குள்ளிருந்து பேசும் குரல்கள். தர்க்கம் ஒன்று சொல்லும். அச்சம் வேறொன்று சொல்லும். கலைக்களஞ்சியம் போன்ற ஒரு குரல், கேட்காமலேயே சம்பந்தமில்லாத தகவலை அள்ளிக் கொட்டும். இன்னொன்று எப்போது பார்த்தாலும் சிகரெட்டையும் போதையையும் நச்சரிக்கும். எந்தத் திறனில் புள்ளி அதிகமோ, அதன் குரல் ஓங்கி ஒலிக்கும். எண்களும் நடுவரும் என்று பிரித்தேன் அல்லவா? இங்கே எண்களே வாயைத் திறந்து பேசத் தொடங்கிவிடுகின்றன. நடுவரை இருபத்துநான்கு துண்டுகளாக்கி மண்டைக்குள் உட்காரவைத்திருக்கிறார்கள்.

பிணத்தை நெருங்கிப் பார்க்க முயன்று தோற்றால் துப்பறிவாளர் நாற்றம் தாங்காமல் வாந்தி எடுப்பார். கூடவே இருக்கும் கிம் கிட்சுராகி என்ற சக அதிகாரி எதுவும் சொல்லாமல் காத்திருப்பார். அந்தக் காத்திருப்பில் அந்த இருவருக்கும் இடையே ஏதோ ஒன்று தொடங்குகிறது. வென்றிருந்தால் ஒரு தடயம் கிடைத்திருக்கும். தோற்றதில் ஒரு மனிதர் கிடைக்கிறார். இன்னொன்று: இந்த கேமில் கடிகாரம் உரையாடும்போதும் வாசிக்கும்போதும்தான் நகரும். வீதியில் எவ்வளவு சுற்றினாலும் ஒரு நிமிடமும் கூடாது. நேரம் என்பது பேச்சுக்குச் செலவாகும் பொருள் என்று சொல்லாமல் சொல்லிவிடுகிறார்கள்.

இந்த வகை கேம்கள் ஒரு கட்டத்தில் ஏறக்குறைய வற்றிப்போயின. படத்தரம் கூடக் கூடச் செலவு கூடியது. செலவு கூடியதும் எல்லாருக்கும் பிடித்த ஒன்றைத்தான் செய்ய முடிந்தது. நாள்தோறும் நம்மை உள்ளே இழுத்துப் பரிசு கொடுக்கும் இணைய கேம்களுக்கு, ஒருமுறை முடித்துவிட்டு எழுந்துபோகும் ஆட்டக்காரர் லாபமில்லாதவர். மாற்றம் வாசகர்களிடமிருந்தே வந்தது. ஆட்டக்காரர்களை வாசகர்கள் என்று சொல்வது இங்கே பொருத்தம்தான். 2012இல் 'வேஸ்ட்லேண்ட் 2' கேமுக்கு ஏறத்தாழ 30 லட்சம் டாலரும், பிறகு 'பில்லர்ஸ் ஆஃப் இடர்னிடி' என்று பெயர் பெற்ற கேமுக்கு ஏறத்தாழ 40 லட்சம் டாலரும், கிக்ஸ்டார்ட்டர் என்ற கூட்டுநிதித் தளத்தில் பொதுமக்களிடமிருந்தே திரண்டன. இன்னும் செய்யப்படாத ஒன்றுக்காக முன்கூட்டியே கொடுத்த பணம் அது. 2023இல் பெல்ஜியத்தின் லாரியன் நிறுவனம் வெளியிட்ட 'பால்டர்ஸ் கேட் 3', அவசரமே இல்லாமல் முறைவைத்து ஆடும் சண்டையோடும், உரையாடலின் நடுவே திரையில் உருளும் இருபது முகப் பகடையோடும் வந்து, தி கேம் அவார்ட்ஸ் விழாவில் ஆண்டின் சிறந்த கேம் விருதை வென்றது. நிதானமான கேமுக்கு ஆள் இல்லை என்று அதன் பிறகு யாரும் சொல்வதில்லை. அந்த அளவுக்குச் செலவழித்து இன்னொன்றை யார் செய்வார்கள் என்பதுதான் கேள்வி.

இந்த ஏக்கத்தில் ஒரு பங்கு நம் வயதைப் பற்றியது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். மோரோவிண்டில் வழி தவறிய அந்த மாலை எனக்கு வேறு வேலை இருக்கவில்லை. இன்று ஒரு மணி நேரம் கிடைத்து, அதிலும் குகை கிடைக்காமல் போனால் எரிச்சல்தான் வரும். ஆனாலும் அரை மணி நேரம் டிஸ்கோ எலிசியத்தில் ஒரே ஓர் ஆளோடு பேசிவிட்டு அணைத்த நாள்கள் உண்டு. அவை நிறைவாகத்தான் இருந்தன. ஆக, எல்லாப் பழியையும் வயதின் மேல் போட்டுவிட முடியாது.

தொடங்குகிறவர் பழையவற்றிலிருந்து தொடங்க வேண்டாம். அல்டிமா 4ஐப் பற்றி இவ்வளவு சொல்லிவிட்டு அதை ஆடாதீர்கள் என்று சொல்வது எனக்கே விநோதமாக இருக்கிறது. ஆனால் அதை இயக்கும் விசைகளோடு மல்லுக்கட்டியே பாதிப் பேர் ஓடிவிடுவார்கள். பால்டர்ஸ் கேட் 3 அருமையானது, ஆனால் முதல் கேமாக எடுத்தால் விதிகள் மலைக்கவைக்கும். வாசிப்பில் பழக்கமுள்ளவருக்கு டிஸ்கோ எலிசியம் போதும். ஒன்று மட்டும்: பாத்திரத்தை உருவாக்கும்போது உடல் தொடர்பான புள்ளிகளை அடிமட்டத்தில் வைக்காதீர்கள். மின்விசிறியில் சுற்றிக்கொண்டிருக்கும் சொந்தக் கழுத்துப்பட்டையை எடுக்கப்போய், கதை தொடங்கும் முன்பே மாரடைப்பில் செத்துப்போக வாய்ப்பிருக்கிறது.

சண்டை, புள்ளி எதுவுமே வேண்டாம் என்பவருக்கு 2022இல் அப்சிடியன் நிறுவனத்தின் ஜாஷ் சாயர் இயக்கத்தில் வந்த 'பென்டிமென்ட்' இருக்கிறது. பதினாறாம் நூற்றாண்டின் பவேரியா, ஒரு மடாலயம், ஒரு கொலை, அங்கே ஓவியம் தீட்ட வந்த ஆண்ட்ரியாஸ் மாலர் துப்பறிகிறார். எல்லாத் தடயங்களையும் பின்தொடர நேரம் போதாது. யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவது என்பதுகூட ஒரு முடிவு. ஒருவர் வீட்டுக்குப் போனால் மற்றவர் சொல்ல வைத்திருந்தது கேட்காமலே போய்விடும். கதை இருபத்தைந்து ஆண்டுகள் நீள்கிறது; முதலில் குழந்தையாகப் பார்த்தவர் பிறகு தன் குழந்தையோடு நிற்பார். உண்மையான கொலையாளி யார் என்று கேம் உறுதியாகச் சொல்வதே இல்லை. நாம் கைகாட்டியவரோடு நாம்தான் வாழ வேண்டும்.

அதில் குரல் கிடையாது. பேச்சு முழுவதும் கையெழுத்தாகத் திரையில் எழுதப்படும். குடியானவருக்கு ஓர் எழுத்து, துறவிக்கு ஓர் எழுத்து. அச்சுக்காரர் பேசினால் அச்செழுத்து. கோபத்தில் பேசினால் மை தெறிக்கும். ஒருவரைப் பற்றி ஆண்ட்ரியாஸ் நினைத்துக்கொண்டிருந்தது தவறு என்று தெரியவந்தால், பேச்சின் நடுவிலேயே அவருடைய எழுத்து மாறிவிடும். பழைய எழுத்துகளைப் படிக்கக் கண் கூசுகிறது என்றால், அமைப்புகளில் எளிய எழுத்துருவுக்கு மாற்றிக்கொள்ள வசதி இருக்கிறது. முதல் ஒரு மணி நேரமாவது மாற்றாமல் படித்துப்பாருங்கள்.